பூனைக்கு இன்ஃபெக்‌ஷன், சுகர் 430: இன்சுலினைக் கூட்டலாமா?

கேள்வி: 14.11.2024, மஞ்சக்குப்பம், கடலூர்

எங்க ராசுவுக்கு ஒன்பது வயசு. ஆண், ஆபரேஷன் பண்ணினது, ஆறு கிலோ. போன வருஷத்துலேர்ந்து சுகர். கிளார்ஜின் இன்சுலின் காலைல 2 யூனிட், ராத்திரி 2 யூனிட். இத்தனை நாள் நல்லாத்தான் போச்சு. இப்ப கொஞ்ச நாளா மூத்திரத்துல லேசா ரத்தம், மண் தட்டுல போய்ப் போய் உக்கார்றான், சாப்பாடு பாதிதான். இன்னிக்கு கிளினிக்ல பார்த்தா சுகர் 430. இன்ஃபெக்‌ஷன் வந்தா சுகர் ஏறும், டோஸும் ஏறணும், மனுஷனுக்கும் அப்படித்தானே? 3 போட்டுப் பார்த்து அப்புறம் 4ன்னு நினைச்சிருக்கேன். பூனைக்கு ஊசி போடற யாராவது சொல்லுங்க.

14.11.2024, இரவு 9.40

டோஸ் அப்புறம். மூத்திரம் வருதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க. ஆண் பூனை முக்கி முக்கி சொட்டுகூட வரலைன்னா அது அடைப்பு. பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடிக்கும், ஓரிரு நாள்ல உயிர் போற சமாச்சாரம். அடிவயித்துல கெட்டியா உருண்டையா ஏதாவது தட்டுப்பட்டா இப்பவே தூக்கிக்கிட்டு ஓடுங்க. இதைப் படிச்சிட்டு உக்கார்ந்திருக்காதீங்க.

14.11.2024, இரவு 10.25

கொஞ்சம் கொஞ்சமா வருது, ஆனா அடிக்கடி வருதுன்னு எழுதியிருக்கீங்க. அப்பாடா.

தம்பி, நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. எங்க வீட்ல ரெண்டு சுகர் பேஷன்ட். ஒண்ணு அம்மா, இன்னொண்ணு எங்க பூனை பூசணி. பேரைப் பார்த்தே உடம்பு எப்படின்னு தெரிஞ்சிருக்கும். பூசணிக்கும் இதே மாதிரி மூத்திர இன்ஃபெக்‌ஷன் வந்து போயிருக்கு, பல்லுல வந்திருக்கு. அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

நீங்களா கூட்டாதீங்க.

நீங்க சொல்றதுல பாதி நிஜம். கிருமி உள்ள வந்தா உடம்பு கார்டிசால், அட்ரினலின், குளுககான்னு ஹார்மோன் எல்லாத்தையும் இறக்கிவிடும். அத்தனையும் இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. ஈரல் சர்க்கரையை அள்ளி விடும், தசை உள்ள வாங்காது. நேத்து வரைக்கும் போதுமா இருந்த டோஸ் இன்னிக்குப் பத்தாது. அது வரைக்கும் சரி. ஆனா ஆன்டிபயாட்டிக் பிடிச்சு கிருமி அடங்கினதும் அந்த எதிர்ப்பு பொசுக்குன்னு கழண்டுடும். அப்ப உங்க கை 4 யூனிட்ல நின்னுக்கிட்டு இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு சுகர் 40, நீங்க தூக்கத்துல. கீட்டோன் (கொழுப்பு எரியறப்ப ரத்தத்துல சேர்ற அமிலம்) இல்லாம 400ல சில நாள் கிடந்தா பூனை இளைக்கும், தண்ணியாக் குடிக்கும், தட்டை நனைச்சு வைக்கும். 40ல கிடந்தா வலிப்பு.

அதனால இன்சுலினை வச்சு சுகரைத் துரத்தாம, மருந்தை வச்சு கிருமியைத் துரத்தணும். பெரிய டாக்டர் எத்தனை பேர் என்ன சொன்னாலும் கடைசில இங்கதான் வந்து நிக்குது. டோஸ் மாத்தியே ஆகணும்னா அதைச் சொல்ல வேண்டியது உங்க டாக்டர். அதுவும் அரை யூனிட் கணக்குல, வீட்ல சுகர் பார்த்துக்கிட்டே.

இன்னொண்ணு. 430 கிளினிக்ல எடுத்தது. நாய் குரைக்கற எடத்துல, கூடைக்குள்ள அடைச்சுக் கொண்டு போன பூனைக்கு, சுகரே இல்லாத பூனைக்குக்கூட 300 காட்டும். பயத்துலயே ஏறும். வீட்ல பாருங்க.

15.11.2024, காலை 6.50

தூக்கத்துல நினைப்பு வந்துச்சு. கூட்டாதீங்கன்னு அழுத்திச் சொன்னதைப் படிச்சிட்டு, சரியா சாப்பிடலையே, ஊசியையே நிறுத்திடலாம்னு போயிடப் போறீங்க. அது இதை விட மோசம். காய்ச்சல் நேரத்துல இன்சுலின் சுத்தமா இல்லைன்னா உடம்பு கொழுப்பை எரிக்கும், கீட்டோன் ரத்தத்துல சேரும், அமிலமாகும். வாந்தி, சுருண்டு படுக்கறது, வாயில ஒரு மாதிரி பழ வாடை, தோலைப் பிடிச்சு விட்டா திரும்பிப் போகாம நிக்கறது. அங்க போயிட்டா வீட்டு வைத்தியமே கிடையாது. நரம்புல சலைன் ஏத்தி, ஆஸ்பத்திரிலயே வச்சு, வேகமா வேலை செய்யற இன்சுலினைக் கொடுத்துத்தான் தேத்தணும். தண்ணி வத்தின உடம்புல தோலுக்கடியில போடற கிளார்ஜின் ஒழுங்கா உறிஞ்சாது.

எங்க டாக்டர் பூசணிக்குச் சொன்னது: சாப்பாடு பாதின்னா ஊசியும் பாதி, வாயில ஒண்ணுமே படலைன்னா ஊசி போடறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணு. பாதி போடறதா விடறதான்னு அந்த நேரத்து சுகரையும் கீட்டோனையும் கேட்டுட்டு சொல்வார். உங்க டாக்டர்கிட்டயும் இதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வச்சுக்கோங்க. ராத்திரி பதினொரு மணிக்கு யோசிக்கற விஷயம் இல்லை இது.

15.11.2024, மதியம்

கீட்டோன் ஸ்ட்ரிப் மருந்துக்கடைல கிடைக்கும், மனுஷங்க மூத்திரத்துக்கு விக்கறதுதான். பூனை மூத்திரத்தை எப்படிப் பிடிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. மண் தட்டைக் கழுவிட்டு, மண்ணுக்குப் பதில் மீன் தொட்டிக் கல்லைக் கழுவிப் பரப்பி வைங்க. அடியில நிக்கறதை சிரிஞ்ச்ல இழுத்துக்கலாம். எங்க அண்ணன் மகன் குழிக்கரண்டியை நீட்டிப் பிடிச்சுடுவான். பூசணி ஒரு பார்வை பார்த்துட்டு வேலையை முடிக்கும். அந்தக் கரண்டி திரும்ப அடுப்படிக்குப் போகலை, அம்மா தனியா ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க.

ஸ்ட்ரிப்பை நனைச்சு டப்பாவுல போட்டிருக்கற விநாடிக்குச் சரியாப் பாருங்க. பழுப்பு நிறம் லேசா ரோஸானாலே போன். ஊதாவுக்குப் போச்சுன்னா போன் எல்லாம் வேணாம், நேரா ஆஸ்பத்திரி. ஒரு எச்சரிக்கை: இந்த ஸ்ட்ரிப் அசிட்டோஅசிட்டேட்டைத்தான் பார்க்கும். பூனை ரத்தத்துல முதல்ல ஏறறது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட், அதை ஸ்ட்ரிப் பிடிக்காது. அதனால ஸ்ட்ரிப் சும்மா இருந்தும் பூனை வாந்தி எடுத்துட்டுக் கிடந்தா பூனையைத்தான் நம்பணும்.

16.11.2024

காதுல ரத்தம் எடுக்கறது. பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்லை. பூனைக்குக் காது ஓரத்துல வலி கம்மி, நமக்குத்தான் கை நடுங்கும்.

வெளிச்சத்துல காதை விரிச்சுப் பிடிச்சா ஓரமா ஒரு மெல்லிய நரம்பு போறது தெரியும். அதுக்கும் காது விளிம்புக்கும் நடுவுல இருக்கற எடம்தான் குத்தற எடம். நரம்பையே குத்த வேணாம். காது சில்லுனு இருந்தா ரத்தம் வராது, முதல்ல சூடு பண்ணணும். ஒரு சின்னத் துணில கல்லுப்பை முடிஞ்சு, தோசைக்கல்லுல லேசா சூடேத்தி, உங்க கன்னத்துல வச்சுப் பார்த்துட்டு ஒத்தடம் கொடுங்க. பின்பக்கம் மடிச்ச டிஷ்யூவை வைங்க, இல்லைன்னா ஊசி காதைத் தாண்டி உங்க விரலுக்குள்ள வந்துடும். குத்தினதும் பிதுக்காதீங்க, லேசா நீவி விடுங்க, கடுகு அளவு முத்து வரும். ஸ்ட்ரிப்பை ஓரத்துல தொட்டா தானா இழுத்துக்கும். அப்புறம் டிஷ்யூவை அழுத்திப் பிடிச்சுட்டு, வேகவச்ச மத்தி ஒரு துண்டு வாயில. இந்த மத்திதான் முக்கியம். பூசணி இப்பல்லாம் மீட்டர் பீப் சத்தம் கேட்டாலே ஓடி வருது.

மீட்டர் மனுஷங்களோடதா இருந்தாப் போதும். ஆனா பூனை ரத்தத்துல அது கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். நம்பர் துல்லியமா இருக்கணும்கறதை விட ஒரே மீட்டர்ல தொடர்ந்து பார்க்கறதுதான் பிரயோஜனம். மனுஷங்க கையில ஒட்டிக்கற வட்ட சென்சாரை முடி சிரைச்சுப் பூனைக்கும் ஒட்டறாங்க. நல்லா இருக்கு, ஆனா சில பூனை ரெண்டே நாள்ல பிச்சுப் போட்டுடும்.

17.11.2024

வீட்ல பார்த்தப்ப சுகர் 340, அப்புறம் 310, கீட்டோன் இல்லைன்னு போட்டிருக்கீங்க. 430ஐ நம்பி 4 யூனிட் போட்டிருந்தா!

நீங்க வச்ச படத்துல சிரிஞ்ச் மூடி சிவப்பா தெரியுதே? ஆரஞ்சா, சிவப்பா? ஃபோன் கேமரா கலரை மாத்துதா? உடனே சொல்லுங்க.

17.11.2024, அரை மணி கழிச்சு

சிவப்பு உங்க அப்பாவோடது, ராசுவோடது ஆரஞ்சு. நல்லது. ஆனா ரெண்டும் ஒரே டப்பாவுல கிடக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் மாத்தணும்.

நம்ம ஊர்ல மனுஷங்களுக்கு விக்கற பாட்டில் இன்சுலின்ல நிறைய இன்னும் யூ-40. மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் யூ-100. மில்லிக்கு 100, ஆரஞ்சு மூடி. கிளார்ஜினை சிவப்பு மூடில 2 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 5 யூனிட். ஆறு கிலோ பூனைக்கு 5. நீங்க 3ஆ 4ஆன்னு இவ்ளோ யோசிக்கறீங்க, சிரிஞ்ச் மாறினா யோசனையே இல்லாம அதைத் தாண்டிடும். எங்க வீட்ல அம்மாவோடது ஃபிரிட்ஜ் கதவுல, பூசணியோடது காய்கறி டிரேல ஸ்டீல் டப்பாவுல. டப்பா மேல அம்மா கையால "பூனை" ன்னு எழுதினது இருக்கு. வாங்கும்போது 0.3 மில்லி, அரை யூனிட் கோடு போட்ட ஆரஞ்சு சிரிஞ்ச் கேளுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

19.11.2024

மூத்திரத்துல என்ன கிருமின்னு வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிசல்ட் ஈ.கோலை. பூனைங்களுக்கு மூத்திரத்துல வர்றதுல அதுதான் அதிகம். சர்க்கரை கலந்த நீர்த்த மூத்திரம், கிருமிக்குத் தோதா போயிடுது.

ஊசியால நேரா மூத்திரப்பையிலேர்ந்து எடுத்தாங்கன்னு சொன்னது நல்ல காரியம். தட்டுல பிடிச்சது கீட்டோன் பார்க்க ஓகே, கல்ச்சருக்கு ஆகாது. வெளிக் கிருமி எல்லாம் சேர்ந்துடும். குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிக்குப் போனப்ப பூசணிக்கும் அப்படித்தான் எடுத்தாங்க, நான்தான் கண்ணை மூடிக்கிட்டேன்.

அமாக்ஸிசிலின் கிளாவுலனேட்ங்கற ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்காங்க, கல்ச்சர்லயும் அது வேலை செய்யும்னு வந்திருக்கு, அப்புறம் என்ன. எழுதினதை முழுசா முடிங்க. மாத்திரைங்க பத்தி ரெண்டு விஷயம், உங்களுக்கு இல்லாட்டியும் படிக்கறவங்களுக்கு. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வெறுமனே முழுங்க வச்சா பூனையோட உணவுக்குழாயில ஒட்டிப் புண்ணாக்கிச் சுருக்கிடும், பின்னாடியே தண்ணி கொடுத்தே ஆகணும். என்ரோஃப்ளாக்ஸசின் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினா கண் பார்வையே போயிடலாம். காய்ச்சல்னு பாராசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம். கால் மாத்திரைகூட.

19.11.2024, இரவு

மேல எழுதினதுக்கு ஒரு ஒட்டு. சுகர் பூனைக்கு அப்பப்ப கல்ச்சர் பண்ணிப் பார்த்துக்கோங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப எனக்கு அதுல அவ்வளவு பிடிப்பு இல்லை. ரத்தம், முக்கல், அடிக்கடி போறது எதுவுமே இல்லாம கல்ச்சர்ல மட்டும் கிருமி வந்தா, சுகர் பூனையா இருந்தாலும் மருந்து கொடுக்க வேணாம்னுதான் இப்ப டாக்டருங்க வழிகாட்டுதல் சொல்லுது. சும்மா கொடுத்துக்கிட்டே இருந்தா நிஜமா வேணும்கறப்ப மருந்து கேட்காது. ஆனா சுகர் காரணமே இல்லாம அடங்காம நின்னா? அங்கதான் குழப்பம். எங்க டாக்டர் அப்ப முதல்ல வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்.

21.11.2024

வெந்தயத் தண்ணி, பாகற்காய் சாறு எல்லாம் கேட்டவருக்கு: உங்க பூனை பாகற்காய் சாறு குடிச்சா வீடியோ எடுத்துப் போடுங்க, நான் பாக்கணும். பூண்டு, வெங்காயம் மட்டும் விளையாட்டுக்குக்கூட வேணாம். ரத்த அணுவை உடைச்சிடும். மீன் குழம்பு சாறு ஊத்தறதும் அதுல சேர்த்திதான்.

ராசுவுக்கு இந்த வாரம் டயட் எல்லாம் பேசாதீங்க. மாவுச்சத்து கம்மியா, மீன் கறி அதிகமாங்கறது நல்ல நாளைக்கு. இப்ப எது இறங்குதோ அது. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா ஈரல்ல கொழுப்பு ஏறி அது தனிக் கதை ஆயிடும். நெத்திலியை உப்பில்லாம வேகவச்சு, வெதுவெதுப்பா, வாசனை வர்ற மாதிரி. அதுவும் வேணாம்னு மூஞ்சைத் திருப்பினா ரெண்டு வாய் மீன் சோறுகூடப் பரவாயில்லை.

24.11.2024, காலை 7.10

ஊசி போட்டுடாதீங்க, இருங்க. சுகர் 118ல இருக்கறப்ப 2 யூனிட்டா? முதல்ல சாப்பாடு கொடுங்க, டாக்டருக்கு போன் போடுங்க.

24.11.2024, மதியம்

காலைல அவசரத்துல ஒரு வரிதான் எழுத முடிஞ்சுது. நான் பயந்துக்கிட்டு இருந்த எடம் இதுதான். ரத்தம் நின்னாச்சு, தட்டுல ஒழுங்கா போறான், சாப்பிடறான், எல்லாரும் நிம்மதியா மூச்சு விடற நாள். அன்னிக்குத்தான் சுகர் சரியும். 310ல நின்னவன் 118. டாக்டர் 1 யூனிட்டுக்கு இறக்கினது சரி. ஊசிக்கு முன்னாடி 200க்குக் கீழ இருந்தா கையை நிறுத்திட்டு டாக்டரைக் கேக்கறதுன்னு எனக்கு ஒரு பழக்கம். புதுசா போடறவங்களுக்கு அது பாதுகாப்பு.

இன்னும் ஒரு வாரத்துக்கு ஊசி போட்டு நாலு மணி நேரத்துலேர்ந்து எட்டு மணி நேரத்துக்குள்ள ஒரு தடவையாவது பாருங்க. தள்ளாடறது, பின்னங்கால் வழுக்கறது, ஒரே எடத்தை வெறிக்கறது, இல்லைன்னா திடீர்னு பேய்ப் பசி, இதெல்லாம் சுகர் ரொம்ப இறங்கினதுக்கு அடையாளம். 60க்குக் கீழன்னா காத்திருக்காதீங்க. குளுக்கோஸ் பவுடரை ரெண்டு சொட்டுத் தண்ணில குழைச்சு ஈறுல தேய்ங்க. தேன் இருந்தா தேன். வலிப்பு வந்துக்கிட்டு இருக்கறப்ப வாய்க்குள்ள ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். விரலையும் உள்ள விடாதீங்க. முழிச்சுக்கிட்டதும் சாப்பாடு, அப்புறம் ஆஸ்பத்திரி. கிளார்ஜின் ரொம்ப நேரம் நிக்கற சரக்கு, ஒரு தடவை ஏத்திவிட்டது மறுபடி இறங்கும்.

25.11.2024

ஊசி போடும்போது துள்ளிட்டான், முடி நனைஞ்சுது, எவ்ளோ போச்சுன்னு தெரியலையா? திரும்பப் போடாதீங்க. ஒரு வேளை விட்டதா நினைச்சுக்கோங்க. அவ்ளோதான்.

29.11.2024

புயல் இந்தப் பக்கம்தான் வருதுங்கறாங்க. தானே புயல் வந்தப்ப எங்களுக்குக் கரன்ட் வர எத்தனை நாள் ஆச்சுன்னு அம்மா இன்னும் ஊர்க்கதையா சொல்வாங்க. இன்சுலின் பத்திப் பதற வேணாம். திறந்த கிளார்ஜின் பாட்டில் 30 டிகிரிக்குள்ள 28 நாள் வெளியவே இருக்கலாம்னு கம்பெனியே போட்டிருக்கு. மழை நாள்ல நம்ம வீட்டுக்குள்ள அதைத் தாண்டாது. ஐஸ் மேல நேரா வைக்கறதுதான் தப்பு, உறைஞ்சா மருந்து செத்துடும். புது மண்பானைல தண்ணி ஊத்தி, அதுக்குள்ள சின்ன டப்பாவுல வைங்க. கலங்கலா ஆனா தூக்கிப் போடுங்க.

மீட்டருக்கு பேட்டரி, ஸ்ட்ரிப், குளுக்கோஸ், மத்தி டின். இப்பவே வாங்கிடுங்க.

1.12.2024

இங்க நாப்பது சென்டிமீட்டருக்கு மேல கொட்டியிருக்கு. கரன்ட் இல்லை, தெருவுல முழங்கால் தண்ணி. பூசணி அலமாரி உச்சில, இறங்க மாட்டேங்குது. ஸ்டூல் போட்டு ஏறி அங்கயே ஊசி போட்டேன். ஃபோன்ல சார்ஜ் கம்மி. ராசு எப்படி?

5.12.2024

சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு தென்பெண்ணை உங்க ஊருக்குள்ள வந்ததைப் பார்த்துட்டு உங்களைத்தான் நினைச்சேன். மாடில எல்லாரும் பத்திரம், ராசு 1 யூனிட்ல 160லேர்ந்து 220க்குள்ள இருக்கான்னு படிச்சப்பத்தான் மனசு ஆறுச்சு. இன்சுலின் பாட்டிலை உங்க அப்பா சட்டைப் பையில போட்டுக்கிட்டு மாடி ஏறினாராமே, ஆள் பெரியவர்.

8.12.2024

ஊசி வேணாம், பூனைக்கு சுகர் மாத்திரை வந்தாச்சாமேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வந்திருக்கு. பெக்ஸாக்ளிஃப்ளோசின், அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல அனுமதி, அடுத்த வருஷம் வெலாக்ளிஃப்ளோசின் சொட்டு மருந்து. சர்க்கரையை மூத்திரத்துல தள்ளிவிடற வகை. ஏற்கனவே இன்சுலின்ல இருக்கற பூனைக்கு அது இல்லை. இன்ஃபெக்‌ஷன் நேரத்துல இதுல ஒரு வஞ்சகம் இருக்கு. சுகர் நல்லாக் காட்டும், உள்ள கீட்டோன் ஏறிக்கிட்டு இருக்கும். வீட்ல யாருக்காவது எழுதின டபாக்ளிஃப்ளோசின் இதே குடும்பம்தான், அதை உடைச்சுக் கொடுத்துப் பார்க்கலாம்னு நினைப்பே வேணாம்.

அப்புறம் ஸ்டீராய்டு. பூசணிக்கு ஈறு வீங்கினப்ப ஒரு எடத்துல ஒரே ஊசில சரியாயிடும்னு போட்டாங்க. வாரக்கணக்குல உள்ள நிக்கற டெப்போ ஊசி. வீக்கம் அடங்கிச்சு, சுகர் எந்த டோஸுக்கும் மசியலை. எந்த ஊசி போட்டாலும் அது ஸ்டீராய்டான்னு கேட்டுட்டுப் போட விடுங்க. சுகர் பூனைன்னு உரக்கச் சொல்லுங்க, கார்டுல எழுதியிருந்தாலும்.

15.12.2024

ராசு வாயில பின்பக்கம் ரெண்டு பல்லு ஆடுது, ஈறு சிவந்திருக்குன்னு டாக்டர் சொன்னதுல எனக்கு ஆச்சரியம் இல்லை. மூத்திரம் சரியாகியும் 220ல முட்டிக்கிட்டு நின்னதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். பல்லை எடுத்ததும் இன்னும் இறங்கும். சில பூனைக்கு இன்சுலினே வேணாம்ங்கற அளவுக்கு வந்துடும், ராசு அப்படி ஆவான்னு நான் சொல்ல மாட்டேன்.

மயக்கம் கொடுக்கற அன்னிக்குக் காலைல எவ்ளோ யூனிட்டுன்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்குங்க. எங்களுக்குப் பாதி சொன்னாங்க. ராத்திரி எத்தனை மணியோட சாப்பாட்டை நிறுத்தறதுங்கறதும் அதே தாள்ல வரட்டும். சுகர் பூனை, அதனால முதல் கேஸா எடுங்கன்னு கேளுங்க, மத்தியானம் வரைக்கும் பட்டினி போட விடாதீங்க. உங்க மீட்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க. மயக்கம் தெளிஞ்சதும் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து ஒரு தடவை. வாய்ப் புண்ணு ஆற வரைக்கும் மத்தியை முள்ளெடுத்து மசிச்சுக் கொடுங்க, ராத்திரி ஊசிக்கு முன்னாடி நம்பரை இங்க போடுங்க, நான் முழிச்சிருப்பேன்.